அரக்கு எதில் கரையும்

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி சிவபாலனுக்கு,

அக்கா கமலவேணி எழுதுகிறேன். இங்கே நானும் குழலியும் சுகம். உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? புனேயில் மூன்று வேளையும் ரொட்டி தின்றால் எரியாமல் என்ன செய்யும். மோர் குடி.

போனில் ஆரம்பித்தால் "சுருக்கமா சொல்லுக்கா" என்பாய். இது சுருங்காத விஷயம், அதனால்தான் கடிதம்.

உன் மாமா போனபிறகு இந்த மூன்று வருஷமாகச் சாயப்பட்டறையை நான்தான் நடத்துகிறேன். நூலில் முக்கால்வாசி காந்தி ரோடு பாண்டியன் கடையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. தை மாசத்திலிருந்து அது நின்றுவிட்டது. காரணம் யார் தெரியுமா? கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போட வருகிறவர்கள். எல்லாம் பூசி முடித்தபின் கலையாமல் இருக்க முகத்தில் ஒரு ஸ்பிரே அடிக்கிறார்கள். அதில் ஸ்பிரிட் இருக்கிறதாம். புடவை கட்டியபிறகுதான் அடிக்கிறார்கள். தோளில் சாரல் பட்ட இடத்தில் நம் அரக்குச் சாயம் இளகி மாம்பழ மஞ்சள் பார்டரில் இறங்கிவிடுகிறது. கார்த்திகையிலிருந்து நாலைந்து புடவை கடைக்குத் திரும்பி வந்துவிட்டன. பாண்டியன் முன்னாலேயே நூலைத் தண்ணீரில் அலசிக் காட்டினேன், ஒரு சொட்டு இறங்கவில்லை. "தண்ணியில நின்னுக்கினு யாரும்மா தாலி கட்டிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டார்.

பட்டறை இடம் மாமாவின் அண்ணன் கலியாணசுந்தரம் பேரில் இருக்கிறது. பெரியவரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் வந்து உட்கார்ந்தால் இதே பேச்சுதான். "கோயிலுக்கு வர்ற வேனுங்கள நிறுத்த எடம் கேட்டுக்கினே இருக்கறாங்கமா. நீ ஒண்டியா எத்தினி நாளு சாயக் கொப்பரையக் கிளறிக்கினு இருப்ப?"

நேற்று பாண்டியனிடமே போய் நின்றேன். அவர் பெண் தேவிப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம். முகூர்த்தப் புடவை அரக்குதான். "என் பொண்ணு புடவைக்கு நீயே சாயம் போட்டுக் குடு. அது நல்லபடியா நின்னுச்சின்னா மொத்த நூலும் உங்கிட்டதான் வரும். எறங்கிச்சின்னா என்னை மறுபடி கேக்காத" என்றார். பெரியவரும் ஆவணிவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பட்டறை போனால் காந்தி ரோட்டில் ஏதாவது கடையில் புடவை பிரித்துக் காட்டப் போகவேண்டியதுதான். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் யாரையும் கேட்காமல் நானாக முடிவெடுக்கிற ஒரே இடம் இந்தப் பட்டறை. அதை விட எனக்கு மனசில்லை.

எது எதில் கரையும் என்று கம்ப்யூட்டரில் சொல்வதுதானே உன் வேலை. ஸ்பிரிட்டில் கரையாத சிவப்பு எது என்று சொல். நம்மிடம் இருக்கிற சாயப்பொடிப் பாக்கெட்டுகளின் லேபிளைக் கத்தரித்து இதில் வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
கமலவேணி


புனே
19 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? உன் பெண் பரீட்சைக்குப் படிக்கிறாளா?

லேபிள்கள் வந்தன. நீ கேட்டிருப்பது கிட்டத்தட்ட என் ஆராய்ச்சியின் தலைப்பேதான். ஒரு கரிமச் சேர்மம் எத்தனாலில், அதாவது உன் ஸ்பிரிட்டில், எவ்வளவு கரையும் என்று கலக்கிப் பார்க்காமலே சொல்வது. மருந்துக் கம்பெனிகளுக்கு இது பெரிய தலைவலி. ஒவ்வொரு பொருளையும் கலக்கி, நாள் கணக்கில் காத்திருந்து அளக்கவேண்டும். நாங்கள் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிற ஆயிரக்கணக்கான பொருள்களைக் கணினிக்குக் காட்டுகிறோம். மூலக்கூறு எவ்வளவு பெரியது, எந்த இடத்தில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது, எப்படிப்பட்டது கரைந்தது, எது கரையவில்லை என்று அது படித்துக்கொள்கிறது. பிறகு புதிய பொருள் ஒன்றைக் காட்டினால் இது இவ்வளவு கரையும் என்று சொல்கிறது. ஜோசியர் இரண்டு ஜாதகத்தை வைத்துப் பொருத்தம் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள். தப்பானால் ஜோசியரைவிட நாங்கள் சீக்கிரம் ஒப்புக்கொள்வோம்.

ஒரு சிக்கல். பட்டுச் சாயங்கள் உப்பு வகையைச் சேர்ந்தவை. எங்கள் கணினி படித்ததில் அந்த வகை குறைவு. அதனால் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இங்கே என் ஒப்பந்தம் செப்டம்பரோடு முடிகிறது. நீட்டிப்பதாக யாரும் சொல்லவில்லை. ராத்திரி பகல் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சிவபாலன்


பிள்ளையார்பாளையம்
16 மார்ச் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீயும் அப்படியே இருக்கவேண்டும். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. குழலி படிக்கிறாள், அதாவது புத்தகம் திறந்திருக்கிறது.

உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் எழுதுகிறேன். அவசரப்படுத்தவில்லை. பங்குனி பிறந்துவிட்டது, புடவை தறி ஏற வைகாசி ஆகிவிடக்கூடாது, அதைத்தான் சொல்கிறேன்.

பக்கத்துத் தெரு சத்யப்ரியா பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அவளிடம் அந்த ஸ்பிரே ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். பழைய அரக்கு நூலில் அடித்ததும் கையெல்லாம் சிவப்பு. இதிலேயே ஒவ்வொரு பொடியாகச் சாயம் போட்டு அடித்துப் பார்த்துவிடட்டுமா? கணக்கு ஒரு பக்கம் வரட்டும், நான் ஒரு பக்கம் பார்க்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

இந்த மாசம் கொப்பரை காய்ந்துதான் கிடக்கிறது. சாயம் போடும் துரைக்கண்ணு கூரத்திலிருந்து தினம் சைக்கிளில் வந்து, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகிறார். வேலை செய்து அசந்துபோவது எனக்குப் பழக்கம். வேலை இல்லாமல் அசந்துபோவதுதான் தாங்கவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா,
கமலவேணி


புனே
30 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நலம். உன் நலமும் அதுவே என்று நம்புகிறேன். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே.

முடிவு வந்துவிட்டது. உன் சிவப்புகளில் இரண்டு எத்தனாலில் ஏறக்குறைய கரையவே கரையாது என்று கணினி சொல்கிறது. அந்த இரண்டு லேபிளிலும் டிக் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இப்போது நீ போட்டுக்கொண்டிருக்கும் சிவப்பு அவற்றைவிடப் பல மடங்கு கரையக்கூடியது. ஆக, குற்றவாளி அதுதான்.

சோதித்துப் பார்ப்பது அவசியம். ஆனால் அந்தப் பார்லர் ஸ்பிரேயில் வேண்டாம் அக்கா. அதில் வாசனை, பிசின், இன்னும் என்னென்னவோ இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி கலக்கும். எது எதைக் கரைத்தது என்றே தெரியாமல் போய்விடும். ஒரு பாட்டிலில் தேறுவது இன்னொன்றில் தேறாது. கரைப்பது ஆல்கஹால்தான். அதைச் சுத்தமாக எடுத்துப் பார்த்துவிட்டால் எல்லாப் பாட்டிலுக்கும் சேர்த்துப் பதில் கிடைத்துவிடும். என்னோடு படித்த தீபிகா அங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் எடுக்கிறாள். கலப்பே இல்லாத சுத்த ஆல்கஹால் கொஞ்சம் உனக்குத் தரச் சொல்லியிருக்கிறேன். நூலை அதில் ஊறவைத்து மூடி வை. நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதே.

இது நன்றாக வந்தால் எனக்கும் உதவி. ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கணிப்பு மட்டும் செய்கிறவர்கள் நிறையப் பேர். கணித்ததை நிஜத்தில் சரிபார்த்துக் காட்டுகிறவர்கள் குறைவு. உன் நூல்தான் எனக்குச் சாட்சி.

அன்புடன்,
சிவபாலன்


பிள்ளையார்பாளையம்
20 ஏப்ரல் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய விருப்பம். பங்குனி உத்திரத்துக்கு நீ வருவாய் என்று குழலி மாடி அறையைப் பெருக்கி வைத்திருந்தாள். போகட்டும்.

நீ சொன்னபடியே செய்தேன். தீபிகா தங்கமான பெண், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தாள். நீ குறித்த இரண்டு பொடியும் கலந்து அரக்கு போட்டோம். நிறம் அப்படியே அசல், துரைக்கண்ணுவுக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஒரு கொத்து நூலைப் பச்சைத் தண்ணீரில் போட்டேன், இன்னொரு கொத்தை உன் சுத்த ஆல்கஹாலில் போட்டு மூடினேன். வாரம் முழுக்கப் பார்த்தேன். இரண்டு பாட்டிலும் கண்ணாடி மாதிரி தெளிவு. பழைய சாய நூலையும் ஆல்கஹாலில் போட்டுப் பார்த்தேன், அது ரத்தமாகிவிட்டது. ஆக உன் கம்ப்யூட்டர் சொன்னது சரி.

சத்யப்ரியா ஸ்பிரேயை நீ வேண்டாம் என்றதால் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "அடிச்சுப் பாத்துட்டே குடுக்கலாம்ல அக்கா" என்றாள். என் தம்பி ஆராய்ச்சிக்காரன், காரணம் இல்லாமல் சொல்லமாட்டான் என்று கொஞ்சம் கெத்தாகவே சொல்லிவிட்டு வந்தேன்.

சோதித்த நூலில் கொஞ்சம் இதோடு அனுப்புகிறேன். தேவிப்ரியா புடவைக்கு நாளைக்கு நூல் நனைக்கிறோம். கொஞ்ச நாளாக எனக்குத் தூக்கமே இல்லை. நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, தம்பிக்கு நன்றி சொல்வதும் வழக்கமில்லை.

அக்கா,
கமலவேணி


புனே
15 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள்.

உன் நூல் இங்கே ஒரு சின்ன பிரபலம். படம் எடுத்து, என் கணிப்பு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இதுவரை என் முகத்தை நிமிர்ந்து பார்க்காத பேராசிரியர் எழுந்து வந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். என் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு படமாகவே சேர்த்துவிட்டேன்.

மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை. அறைத் தோழன் காலி செய்துவிட்டான். கண் எரிகிறது, கண்ணாடி மாற்றவேண்டும். ஒப்பந்தம் முடிவதற்குள் ஏதாவது அமையவேண்டும், இல்லையென்றால் என்ன செய்வதென்று தெரியவில்லை. படித்துப் படித்தே வயசாகிவிட்டது அக்கா. சில நாள் கணினி முன்னால் உட்கார்ந்து ஒன்றும் செய்யாமலே எழுந்து வருகிறேன்.

அன்புடன்,
சிவபாலன்


பிள்ளையார்பாளையம்
6 ஜூலை 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். நீ எழுதியதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது. கண்ணாடியை முதலில் மாற்று, மற்றதெல்லாம் அப்புறம். வேலை கிடைக்கும். கிடைக்காவிட்டால் இங்கே வா, கொப்பரை கிளற ஆள் வேண்டும். சம்பளம் உன் படிப்புக்கு ஏற்ற மாதிரி இருக்காது, சாப்பாடு இருக்கும்.

புடவை தறியில் பாதிக்கு மேல் வந்துவிட்டது. போய்ப் பார்த்தேன். அரக்குக்கும் மஞ்சளுக்கும் நடுவே கத்தி வைத்து வெட்டிய மாதிரி கோடு. பாண்டியன் சம்சாரம் அம்சாவும் வந்திருந்தார். புடவையைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "கமலா, நீயும் குழலியும் மொத நாளே மண்டபத்துக்கு வந்துடணும்" என்றார். கடையில் இரண்டு பேர் இப்போதே என்னிடம் ஆடிக்குப் பிறகு நூல் அனுப்புவது பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கூட வேன் பேச்சை எடுப்பதில்லை.

கல்யாணத்துக்கு நீயும் வா. உன் பங்கும் அந்தப் புடவையில் இருக்கிறது. ஒரு நாள் வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டுப் போ. கூட ஒருவர் இருந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

அக்கா,
கமலவேணி


புனே
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

நலம். கல்யாணத்துக்கு வர முடியாது, மன்னித்துவிடு. செப்டம்பர் பதினைந்தாம் தேதி ஹைதராபாத்தில் நேர்முகம். அதற்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயம், மறக்காமல் பதில் போடு. ஆல்கஹால் பாட்டிலில் போட்ட நூலை அப்படியே வைத்திருக்கிறாயா? இத்தனை மாதத்துக்குப் பிறகும் நிறம் இறங்கவில்லை என்றால் அதைப் பற்றிக் கட்டுரையில் தனியாக ஒரு வரி சேர்ப்பேன். நேர்முகத்துக்கு முன்னால் தெரியவேண்டும், அதனால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. என் எதிர்காலம் அந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று விளையாட்டாகச் சொல்வேன், இப்போது அது விளையாட்டாக இல்லை.

அன்புடன்,
சிவபாலன்


பிள்ளையார்பாளையம்
7 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம்.

நீ கேட்டதற்குப் பதில். பாட்டில் இருக்கிறது. இன்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நூல் போட்ட அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. ஆல்கஹாலில் ஒரு பொட்டு நிறம் இல்லை. தாராளமாக எழுதிக்கொள்.

தேவிப்ரியா கல்யாணம் முடிந்தது. நல்ல கூட்டம்.

இனிமேல் கடிதத்தைப் பட்டறைக்குப் போடாதே, வீட்டு முகவரிக்குப் போடு. நேர்முகத்துக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. இட்லி கிடைத்தால் சாப்பிடு.

அக்கா,
கமலவேணி


ஹைதராபாத்
14 அக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

வேலை கிடைத்துவிட்டது. இந்த மாதம் ஒன்றாம் தேதி சேர்ந்தேன். போனிலும் குழலியிடம் சொல்லியிருந்தேன், நீ அப்போது வெளியே போயிருப்பதாகச் சொன்னாள்.

நேர்முகத்தில் கடைசியாக உன் நூல் படத்தைத்தான் போட்டேன். கிட்டத்தட்ட ஐந்து மாதம் எத்தனாலில் ஊறியும் நிறம் மாறவில்லை என்று சொன்னதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயே தெரிந்துவிட்டது. வெளியே வந்து ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நான் சொன்ன ஒன்று நிஜத்திலும் நடந்திருக்கிறது.

தீபாவளிக்கு வர முடியாது, புதிதாகச் சேர்ந்தவனுக்கு லீவு தரமாட்டார்கள். குழலிக்கு ஒரு சுடிதார் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீ சொன்னபடி வீட்டு முகவரிக்கே போடுகிறேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
சிவபாலன்


ஹைதராபாத்
23 நவம்பர் 2025

அக்கா,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை இங்கே என் மேலதிகாரி ஏலவார்குழலி என்பவர், நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் தானும் காஞ்சிபுரம்தான் என்று பேச ஆரம்பித்தார். நூல் கதையைச் சொன்னேன். "அந்த ஸ்பிரேயில தண்ணியும் இருக்குமே, கலந்து பாத்தீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அன்று சாயங்காலமே உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

நீ அனுப்பிய நூலில் மீதி என்னிடம் இருந்தது. தண்ணீரில் போட்டேன், ஒன்றும் இல்லை. எத்தனாலில் போட்டேன், ஒன்றும் இல்லை. இரண்டையும் கலந்து போட்டேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு இறங்கியது அக்கா. அந்தச் சாயத்தின் ஒரு பக்கம் தண்ணீரோடு சேரும், இன்னொரு பக்கம் ஆல்கஹாலோடு சேரும். தனித்தனியாக இரண்டாலும் முடியாது, சேர்ந்தால் முடியும். இதெல்லாம் நான் படிக்காதது இல்லை. என் கணினிக்கு நான் காட்டியது சுத்த எத்தனால் மட்டும், அதனால் நானும் அதை மட்டுமே பார்த்தேன். கலந்ததில் வேண்டாம் என்று உன்னைத் தடுத்ததும் நான்தான்.

அந்தப் பொடியில் இனிமேல் எதற்கும் சாயம் போடாதே. தறியில் இருப்பதை நிறுத்து. தேவிப்ரியா புடவைக்கு ஒன்றும் ஆகவில்லைதானே? ஆகியிருந்தால் சொல்லியிருப்பாய். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டேன், இங்கேயும் சொல்லிவிட்டேன். என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அது போகட்டும். நீ உடனே எழுது. என்னை மன்னித்துவிடு.

சிவபாலன்


பிள்ளையார்பாளையம்
7 டிசம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

நலம். குழலிக்குச் சுடிதார் சரியாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம்.

நிறுத்துவதற்குத் தறியில் ஒன்றும் இல்லை. சொல்லிவிடுகிறேன், நீ பயந்து பயந்து ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டாம்.

மேக்கப் போட சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் அம்சா என்னை அறைக்குள் கூப்பிட்டார். தேவிப்ரியா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தோளிலும் அரக்கு இறங்கி, மஞ்சள் பார்டர் எல்லாம் திட்டுத்திட்டாக, கழுத்தில்கூட ஒரு கோடு. தேவிப்ரியா அழவில்லை, அழுதால் மேக்கப் போய்விடும் என்று அடக்கிக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன், வழக்கமான ஸ்பிரேதான். மாலையைப் பெரிதாகப் போட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்தி மணையில் உட்கார வைத்தார்கள். போட்டோவில் எல்லாம் அந்தத் துண்டுதான் தெரியும்.

பாண்டியன் கத்தியிருந்தால் தேவலை. வாசலில் கையெடுத்துக் கும்பிட்டு, "சாப்டுட்டுப் போம்மா" என்றார், அவ்வளவுதான். நான் சாப்பிட உட்கார்ந்தேன். குழலி என் பக்கத்தில் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே பெரியவர் வந்தார். "எனக்கும் சங்கடமாத்தான் இருக்குதும்மா" என்றார், நிஜமாகவே சங்கடப்பட்டார். சாவியைக் கொடுத்துவிட்டேன். துரைக்கண்ணு கூரத்திலேயே அண்ணன் நிலத்தில் வேலை செய்கிறார். பட்டறையில் இப்போது ஆந்திரா வேன்கள் நிற்கின்றன. நான் காந்தி ரோட்டில் ஒரு கடையில் புடவை எடுத்துப் போடுகிறேன், காலை முதல் நின்றுகொண்டே. நீ போன் செய்தபோது கடையில் இருந்தேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று குழலியிடம் சொல்லியிருந்தேன்.

உன் கணக்கு தப்பானதில் எனக்குக் கோபம் இல்லை. சுத்தமாகப் பார்க்கவேண்டும் என்றாய், நானும் சுத்தமாகப் பார்த்தேன். ஸ்பிரே பாட்டில் என் கையில்தான் இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தவள் நான். அந்தப் பங்கை உன் தலையில் போடமாட்டேன்.

ஆனால் கோபம் இருக்கிறது. நீ மன்னிப்புக் கேட்டதால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் எழுதினாய், பாட்டிலில் நூல் எப்படி இருக்கிறது என்று கேட்டாய். கல்யாணம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு காலிப் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். நான் பொய் எழுதவில்லை தம்பி. பாட்டிலை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, நீ கேட்டதற்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். உன் வேலை போய்விடக்கூடாது என்பதும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை. பட்டறைக்குக் கடிதம் போடாதே என்று எழுதினேனே, ஏன் என்று கேட்பாய் என்று பார்த்தேன். ஐப்பசியில் கடிதம் வந்ததும் பிரிக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், இதில் கேட்டிருப்பாய் என்று. வீட்டு முகவரிக்கே போடுகிறேன் என்று எழுதியிருந்தாய்.

உன் எல்லாக் கடிதத்திலும் நலமா என்று இருக்கிறது. நலம் என்று நானும் போட்டுவிடுகிறேன். பட்டறை என்ன ஆயிற்று அக்கா, புடவை என்ன ஆயிற்று அக்கா என்று ஒரு தரம் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லி, உன் மேல் சாய்ந்து அழுதிருப்பேன். எனக்கு அப்போது ஒருவர் வேண்டியிருந்தது.

கட்டுரையைத் திரும்ப வாங்கியது நல்லது. வேலையை விடாதே, அவர்களாகப் போகச் சொன்னால் தவிர. பொங்கலுக்கு லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் எழுது. எழுதும்போது என்னைக் கேள், நான் சொல்கிறேன்.

கடைக்கு நேரமாகிறது.

அக்கா,
கமலவேணி